ஓட ஆரம்பிச்சதும் வர்ற கால் வலி: எந்த வலிக்கு என்ன பண்ணணும், எந்த வலிக்கு நிறுத்தணும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்கு கீழ்வீட்டு அக்கா போன் பண்ணாங்க. ஒரு மாடி தூரந்தான், வழக்கமா நேரா ஏறி வந்து கதவ தட்டுவாங்க, அன்னைக்கு ஏற முடியல. "ஏம்மா, ஞாயித்துக்கெழம அல்சூர் ஏரிப்பக்கம் ஓடினேன்ல, தொடை ரெண்டும் கல்லா இறுகிப்போச்சு, பாத்ரூம்ல உக்காந்தா எந்திரிக்க செவுத்த பிடிக்க வேண்டியிருக்கு, உள்ள ஏதாச்சும் கிழிஞ்சிருச்சா, இனிமே ஓடவே கூடாதா?" குரல்ல பயம் தெரிஞ்சுது. நான் மூணே மூணு கேள்வி கேட்டேன், அதுக்கு அவங்க சொன்ன பதில்லயே ஆஸ்பத்திரி வேணாம்னு தெரிஞ்சுபோச்சு. பெங்களூர்ல இப்ப கப்பன் பார்க், லால்பாக், ஏரிக்கரைனு எங்க பாத்தாலும் புதுசா ஓடறவங்க இருக்காங்க, அதுல பாதிப்பேர் இந்த முதல் வார வலில பயந்து விட்டுடறாங்க, இன்னும் சிலபேர் நிறுத்த வேண்டிய வலிய பல்ல கடிச்சுக்கிட்டு தாங்கி பெருசாக்கிக்கறாங்க. ரெண்டுமே எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதான் இத எழுதறேன்.

முதல்ல அந்த மூணு கேள்வி

ஒண்ணு, வலி எப்ப ஆரம்பிச்சுது, ஓடிட்டிருக்கப்பவேவா இல்ல மறுநாளா. ரெண்டு, ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி இருக்கா இல்ல ஒரு கால்ல மட்டுமா. மூணு, வலிக்கிற இடத்த காட்டுங்கன்னா உள்ளங்கைய விரிச்சு "இங்க பூரா"னு தடவறீங்களா, இல்ல ஒத்த விரல வச்சு "இங்கதான்"னு அமுத்தறீங்களா.

மறுநாள் வந்தது, ரெண்டு கால்லயும் இருக்கு, உள்ளங்கை அளவுக்கு பரவியிருக்குன்னா அது சதை வலி, தானா ஆறும். ஓடறப்பவே வந்தது, ஒரு கால், ஒத்த விரல் இடம்னா நின்னு யோசிக்கணும். இந்த மூணையும் மனசுல வச்சுக்கிட்டு கீழ உங்க வலி எதுன்னு பாருங்க.

"அன்னைக்கு ஒண்ணுமில்ல, ரெண்டாம் நாள்தான் படி இறங்க முடியல"

அக்காவுக்கு இருந்தது இதுதான், புதுசா ஓடறவங்கள்ல முக்காவாசிப்பேருக்கு வர்றதும் இதுதான். ஓடி முடிச்சு 12லேர்ந்து 24 மணி நேரத்துல மெல்ல ஆரம்பிக்கும், ஒண்ணரை நாள்லேர்ந்து மூணு நாளுக்குள்ள உச்சத்துக்கு போகும், அஞ்சு நாள், மிஞ்சிப்போனா ஏழு நாள்ல காணாம போயிரும். ஞாயித்துக்கெழம ஓடினவங்களுக்கு செவ்வாய்க்கெழம காலைலதான் மோசமா இருக்கும், அதனால "நாளாக நாளாக ஜாஸ்தியாகுதே"னு பயப்பட வேணாம், அதோட போக்கே அப்படித்தான்.

லாக்டிக் ஆசிட் தேங்கி நிக்குதுன்னு ஜிம்ல இன்னமும் சொல்றாங்க, அது சரியில்ல. ஓட்டத்துல ரத்தத்துல ஏறின லாக்டேட் (லாக்டிக் ஆசிட்டோட இன்னொரு வடிவம்) ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் வாக்குலயே பழைய அளவுக்கு இறங்கிரும், ரெண்டாம் நாள் வலிக்கு அது எப்படி காரணமாகும். உண்மையான காரணம் சதையோட நார்கள்ல விழற ரொம்ப ரொம்ப சின்ன சேதமும், அத சரிபண்ண உடம்பு அனுப்பற வேலையாட்களால வர்ற வீக்கமும்தான். கிணத்துல வாளிய இறக்கறப்போ கயித்த அப்படியே விட்டுட மாட்டோம்ல, கை பிடிச்சு பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா விடும், உள்ளங்கை எரியறது அப்பதான். ஓடறப்போ ஒவ்வொரு அடி தரையில விழும்போதும் உங்க முன்தொடை அதே வேலையத்தான் செய்யுது, நீண்டுக்கிட்டே பிரேக் போடுது. இறக்கத்துல அந்த பிரேக் வேலை இன்னும் ஜாஸ்தி. லால்பாக் பாறை மேல கெம்பேகவுடா கோபுரம் வரைக்கும் ஏறினது மூச்சு வாங்கும், ஆனா மறுநாள் வலி ஏறினதுக்காக இல்ல, வேகமா ஓடி இறங்கினதுக்காக. அதே காரணத்தாலதான் படி ஏறும்போது தாங்கிக்கலாம், இறங்கும்போது உயிர் போகும். அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் படில கைப்பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்கறவங்கள பாத்தீங்கன்னா அவங்களும் புதுசா ஏதோ ஆரம்பிச்சவங்கதான்.

என்ன பண்ணணும்னா, முதல்ல படுக்காதீங்க. லீவு போட்டு காலை நீட்டி படுத்தா எந்திரிக்கிறப்போ இன்னும் இறுகும். வலியோட பத்து, பதினஞ்சு நிமிஷம் சமதரையில மெல்ல நடங்க, முதல் அஞ்சு நிமிஷம் கஷ்டமா இருக்கும், அப்புறம் இளகும், இத ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ பண்ணுங்க. அவுட்டர் ரிங் ரோட்ல ஒண்ணரை மணி நேரம் கேப்ல உக்காந்து ஆபீஸ் போறவங்க இறங்கினதும் சேர்ல போய் விழாம ஒரு ரவுண்டு நடந்துட்டு உக்காருங்க, மணிக்கு ஒரு தடவ எந்திரிங்க. வெந்நீர்ல குளிக்கறது, ஒத்தடம், நல்லெண்ணெய காய்ச்சி மேலோட்டமா நீவி விடறது எல்லாமே இதம் தரும், குறிப்பா நீவி விடறது நல்லாவே வலிய குறைக்கும், ஆனா கட்டைவிரலால குத்தி அமுக்கற மசாஜ் இப்ப வேணாம். ஃபோம் ரோலர் இல்லன்னா பூரிக்கட்டையால தொடையையும் கெண்டைச்சதையையும் மெதுவா உருட்டலாம், எங்க வீட்ல அதுக்குன்னே ஒரு பழைய கட்டை தனியா இருக்கு. ஐஸா வெந்நீரான்னு சண்டை வேணாம், எது உங்களுக்கு சுகமா இருக்கோ அது.

ஸ்ட்ரெச்சிங் பத்தி ஒரு விஷயம். ஓடறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஸ்ட்ரெச் பண்ணா மறுநாள் வலி வராதுன்னு எல்லாரும் நம்பறாங்க, 2011ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பல சோதனைகள ஒண்ணா சேத்து பாத்துட்டு, குறையற வலி 100 புள்ளி அளவுகோல்ல ஒண்ணு ரெண்டு, மிஞ்சினா நாலு புள்ளிதான்னு சொல்லுச்சு. பிடிச்சா பண்ணுங்க, ஆனா வலிக்கிற சதைய இழுத்து இழுத்து வதைக்காதீங்க.

சாப்பாட்டுல சேதத்த கட்ட புரதம் வேணும். முட்டை, சுண்டல், பயறு, தயிர், கெட்டியான பருப்பு, மீன், ஏதாச்சும் ஒண்ணு ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். ஓடி முடிச்சு தர்ஷினி ஹோட்டல்ல நின்னுக்கிட்டே ரெண்டு இட்லி ஒரு காபியோட முடிச்சுக்கறோம்ல, அதுல ஒரு கிண்ணம் சாம்பார் கூட கேட்டு வாங்கி பருப்ப முழுசா சாப்பிடுங்க, வீட்டுக்கு வந்து ஒரு முட்டை. தூக்கம்தான் பெரிய மருந்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பாத்துட்டு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடினா எந்த எண்ணெயும் காப்பாத்தாது.

வலி இருக்கறப்போ அடுத்த ஓட்டம் ஓடலாமான்னா, படி சாதாரணமா இறங்க முடியுதுன்னா மெதுவா ஓடலாம், முடியலன்னா நடைதான். இந்த நாட்கள்ல சதைக்கு பலமே குறைஞ்சிருக்கும், வேகமா ஓடினா அந்த பாரம் முட்டிக்கும் எலும்புக்கும் போகும். நல்ல சேதி என்னன்னா, ஒரு தடவ இப்படி வலிச்சு ஆறின சதை அடுத்த தடவ அதே வேலைக்கு இந்த அளவுக்கு வலிக்காது, அந்த பாதுகாப்பு வாரக்கணக்குல நிக்கும். அக்காகிட்ட இத சொன்னப்போ "அப்ப இது ஒருதரம் கட்டற வரி மாதிரியா"ன்னாங்க, கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா.

"கெண்டைச்சதை இறுகி குதிகால தரையில வைக்க முடியல"

ரெண்டு கால்லயும் இருந்தா மேல சொன்ன அதே வலிதான், இடம் மட்டும் வேற. இது வர்றதுக்கு ரெண்டு காரணம் அடிக்கடி பாக்கறேன். முன்பாதத்துல ஓடணும்னு வீடியோ பாத்து திடீர்னு மாத்தினது ஒண்ணு, தட்டையான கேன்வாஸ் ஷூவுலயோ வெறுங்கால்லயோ ஓடினது இன்னொண்ணு. ரெண்டுலயும் கெண்டைச்சதைக்கு பாரம் கூடிப்போகும். உங்க பாதம் இயல்பா எப்படி விழுதோ அப்படியே விடுங்க. வலி இறங்கினதும் வாசப்படில முன்பாதத்த மட்டும் வச்சு, செவுத்த பிடிச்சுக்கிட்டு மேல ஏறி, குதிகால மெல்ல படிக்கு கீழ இறக்குங்க, 15 தடவயா மூணு சுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு மாசத்துல கால் மாறும்.

"ஓடிட்டிருக்கப்பவே டக்குனு பிடிச்சுது"

சதை உருண்டு திரண்டு கல்லா நின்னா பிடிப்பு. நின்னு கால்விரல்கள உங்க பக்கமா இழுத்து பிடிங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல விடும், அன்னைக்கு ஓட்டம் அதோட போதும்.

யாரோ பின்னாலேர்ந்து கல்லால அடிச்ச மாதிரி சுரீர்னு இருந்துச்சு, அதுக்கப்புறம் நொண்டித்தான் நடக்க முடியுதுன்னா அது சதை கிழிசல். ரெண்டு நாள்ல அந்த இடம் நீலமா கன்னிப்போகலாம். எண்ணெய் போட்டு அமுக்கி விடக்கூடாது, சூடு கூடாது, துணில சுத்தின ஐஸ் 15 நிமிஷம், காலை உயர்த்தி வச்சு டாக்டர பாருங்க. குதிகாலுக்கு மேல டப்புனு சத்தம் கேட்டு முன்பாதத்துல எழும்பவே முடியலன்னா அன்னைக்கே போகணும்.

விலாவுல குத்துச்சுன்னா அது கால் பிரச்சனையே இல்ல. நடைக்கு மாறுங்க, அந்த இடத்த கையால அழுத்திக்கிட்டு மூச்ச நீளமா வெளிய விடுங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஓடாதீங்க.

"முட்டிக்கு கீழ, முன்பக்க எலும்போரம் வலி"

இந்த இடத்துல தயவுசெஞ்சு நிதானமா படிங்க. இந்த வலில நான் பண்ண தப்ப நீங்க பண்ண வேணாம்.

முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவுல, எலும்போட உள்பக்க ஓரத்துல, நாலஞ்சு விரல் நீளத்துக்கோ அதுக்கும் மேலயோ பரவின வலி, ஓட ஆரம்பிக்கறப்போ இருக்கும், சூடானதும் கொஞ்சம் மறையும், முடிச்சதும் திரும்ப வரும். இத ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்னு சொல்வாங்க. சதையவிட எலும்பு மெதுவாத்தான் பலம் பிடிக்கும், நுரையீரல் மூணே வாரத்துல தயாராகி "இன்னும் ஓடு"ங்கும், எலும்புக்கு மாசக்கணக்கா வேணும், அந்த இடைவெளிலதான் இந்த வலி. ஒரேடியா தூரத்த கூட்டினது, தேஞ்ச ஷூ, தினமும் ஓடினது, இதெல்லாம் அத பெருசாக்கும். ஓட்டத்த பாதியாவோ அதுக்கும் கீழயோ குறைங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும், வலி ஓட்டத்துக்கு நடுவுல ஏறினா நடை, ரெண்டு வாரம் சைக்கிளோ நீச்சலோ கூட போதும். அந்த வாசப்படி பயிற்சி இதுக்கும் உதவும். ஃபுட்பாத் கல்லு மேல ஏறி இறங்கி ஓடறத விட்டுட்டு கப்பன் பார்க் உள்ள மரத்தடி மண்பாதைல ஓடுங்க.

எனக்கு என்னாச்சுன்னா, ரெண்டு மாசம் ஓடினதுக்கப்புறம் இடது கால்ல இந்த வலி வந்துச்சு. முதல் வாரம் உள்ளங்கை அளவு இருந்துச்சு, மூணாவது வாரம் ஒத்த விரல் இடமா சுருங்கிருச்சு, அந்த இடத்த அமுத்தினா கண்ல தண்ணி வரும். பரவி இருந்தது சுருங்குதே, ஆறிக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். ராத்திரி படுத்தப்புறம் கூட விண்ணு விண்ணுனு தெறிச்சுது, அப்பவும் சனிக்கிழம ஓடினேன். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, நானும் சந்தோஷமா வந்துட்டேன், அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தப்பதான் எலும்புல மெல்லிசா விரிசல் ஆரம்பிச்சிருக்குன்னு தெரிஞ்சுது. ஆரம்பத்துல இந்த விரிசல் எக்ஸ்ரேல தெரியாம போறது சகஜம்னு டாக்டர் சொன்னாரு. ஆறு வாரம் ஓட்டமே கிடையாது. அதனால சொல்றேன், ஒத்த விரல் இடத்துல எலும்பு மேலயே வலி, நடந்தாலும் வலி, ஓய்வுலயும் ராத்திரிலயும் வலி, அந்தக் கால்ல மட்டும் ஒரு குதி குதிச்சா சுரீர்னு ஏறுது, இதுல எது இருந்தாலும் ஓடறத அன்னைக்கே நிறுத்திட்டு எலும்பு டாக்டர பாருங்க, எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னாலும் வலி போகலன்னா திரும்ப போங்க.

முட்டி வலி

முட்டிச்சில்லுக்கு பின்னாலயோ சுத்தியோ மந்தமான வலி, படி இறங்கறப்போவும், ரொம்ப நேரம் மடக்கி உக்காந்து எந்திரிக்கறப்போவும் ஜாஸ்தியா இருந்தா, பெரும்பாலும் தொடையும் இடுப்பும் பலம் பத்தாம முட்டி பாரத்த தாங்கறதுதான். நாள்பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவங்களுக்கு புட்டச்சதை வேலையே இல்லாம கிடக்கும். மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி இடுப்ப தூக்கி அஞ்சு எண்ணி இறக்குங்க, ஒருக்களிச்சு படுத்து மேல்கால தூக்கி இறக்குங்க, ரெண்டும் 12 தடவயா மூணு சுத்து. ஓடறப்போ எட்டி வைக்காம அடிய சின்னதா, கொஞ்சம் அடிக்கடி வைங்க, இந்த ஒரு மாற்றமே முட்டிக்கு விழற பாரத்த குறைக்கும். முட்டிக்கு வெளிப்பக்கம், ஓடி கொஞ்ச தூரம் போனதும் கரெக்டா ஒரே இடத்துல எரிச்சலா வந்துச்சுன்னா, அது வர்ற தூரத்துக்கு முன்னாடியே ஓட்டத்த நிறுத்திக்கங்க, இறக்கத்த தவிருங்க. முட்டி வீங்கினா, பூட்டின மாதிரி மடங்காம நின்னா, நடக்கறப்போ முட்டி பிடிமானம் விட்டுப்போனா வீட்டு வைத்தியம் கிடையாது, டாக்டர பாருங்க.

"காலைல கட்டில்லேர்ந்து இறங்கி முதல் அடி வச்சா குதிகால்ல ஆணி குத்துது"

குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் போற உள்ளங்கால் பட்டைதான் காரணம், பத்தடி நடந்ததும் இளகும். எந்திரிக்கறதுக்கு முன்னாடி கட்டில்லயே கால்விரல்கள கையால பின்னால இழுத்து பத்து எண்ணுங்க, சாயந்திரம் ஃப்ரிட்ஜ்ல வச்ச தண்ணி பாட்டில உள்ளங்காலுக்கு கீழ போட்டு உருட்டுங்க. வீட்டுக்குள்ள கிரானைட் தரையில வெறுங்கால்ல நடக்காம மெத்துனு ஒரு செருப்பு போட்டுக்கங்க. இது மெதுவாத்தான் போகும், பொறுமை வேணும்.

"உடம்பு பூரா வலி, கொஞ்சம் காய்ச்சல் மாதிரியும் இருக்கு"

ஓட்டத்தால காய்ச்சல் வராது. மழைக்காலத்துல பெங்களூர்ல டெங்கு ஏறும், அதோட முதல் அடையாளமே அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி, கண்ணுக்கு பின்னால வலி, காய்ச்சல். "நேத்து ஓடினோம், அதான்"னு நெனச்சு வலி மாத்திரை போடறது ஆபத்து, டெங்குல இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைங்க ரத்தக்கசிவ கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அளவோட, ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு டாக்டர் சொல்றபடி.

பொதுவாவே ஓடறதுக்கு முன்னாடி வலி வராம இருக்கட்டும்னு மாத்திரை போட்டுக்கிட்டு போகாதீங்க. உடம்புல தண்ணி குறைஞ்ச நேரத்துல அந்த வகை மாத்திரை கிட்னிய பாதிக்கும், வலி மறைஞ்சுபோனா நிறுத்த வேண்டிய இடமும் தெரியாம போகும்.

இதுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது

சிறுநீர் கோலா நிறத்துலயோ கட்டங்காப்பி நிறத்துலயோ போச்சு, சதை பயங்கரமா வீங்கி பலமில்லாம இருக்கு: சதை உடைஞ்சு அதோட கழிவு கிட்னிய அடைக்கிற நிலைமையா இருக்கலாம், அந்த மணி நேரத்துலயே எமர்ஜென்சிக்கு போங்க. முதல் நாளே வெறி பிடிச்ச மாதிரி ஜிம்லயோ ஓட்டத்துலயோ இறங்கினவங்களுக்கு இது வந்திருக்கு.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டா சூடா, சிவந்து வலிக்குது: ரத்தக்கட்டியா இருக்கலாம். தீபாவளிக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ராத்திரி பூரா பஸ்ல காலை மடக்கி உக்காந்து போயிட்டு வந்து மறுநாள் ஓடினவங்க இத சதை வலின்னு விட்டுடாதீங்க, கூடவே மூச்சு வாங்கினா இன்னும் அவசரம்.

நெஞ்சு இறுக்கம், இடது கை, தாடைக்கு பரவற வலி, கண் இருட்டறது: ஓட்டம் உடனே நிக்கணும், 108க்கு போன் போடணும். 40 தாண்டினவங்க, பிபி, சுகர் இருக்கறவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒருதரம் டாக்டர பாத்துட்டு வாங்க.

"பத்து நாளாச்சு, சதை வலி போகவே இல்ல"

அப்ப அது முதல் ஓட்டத்தோட வலி இல்ல. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடறீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, சிலபேருக்கு அது சதை வலி தரும், ஆனா நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க. ஏசி ஆபீஸ்லயே வாழறவங்களுக்கு வைட்டமின் டி குறைவு ரொம்ப சகஜம், தைராய்டும் ஒருதரம் பாத்துருங்க.

"வலி போயிருச்சு, எப்ப திரும்ப ஓடலாம்?"

மூணு சோதனை. கைப்பிடிய தொடாம ரெண்டு மாடி இறங்கணும். 30 நிமிஷம் வேகமா நடந்து மறுநாள் காலைல வலி வரக்கூடாது. ஒவ்வொரு கால்லயும் தனித்தனியா பத்து தடவ குதிச்சு பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். மூணும் சரின்னா வாரத்துல மூணு நாள், நடுவுல ஒருநாள் இடைவெளி விட்டு, ஒரு நிமிஷம் ஓட்டம் ரெண்டு நிமிஷம் நடை, எட்டு தடவ. பக்கத்துல வர்றவங்களோட முழு வாக்கியமா பேசிக்கிட்டே ஓட முடியற வேகம்தான் சரியான வேகம், பெங்களூர் கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, சென்னைலேர்ந்து வந்தவங்களுக்கு முதல்ல மூச்சு கொஞ்சம் கூடத்தான் வாங்கும். அப்படியே ரெண்டு வாரம் வலியில்லாம போச்சுன்னா ஓட்டத்துல ஒரு நிமிஷம் கூட்டுங்க, நடைய குறைக்காதீங்க. பெங்களூர் 10கே, அதாவது பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி வருது, கூட்டாளிங்க பேர் குடுத்துட்டாங்கன்னு தாண்டித் தாண்டி போகாதீங்க, அந்த ஓட்டம் 2008லேர்ந்து நடக்குது, அடுத்த வருஷமும் நடக்கும்.

அக்கா இந்த ஞாயித்துக்கெழம வந்தாங்க. அல்சூர் ஏரிப்பக்கம் திருவள்ளுவர் சிலைகிட்ட ஆரம்பிச்சு, வாட்ச பாத்து, ஒண்ணுக்கு ரெண்டு. ஆறாவது சுத்துல "இன்னும் ஓடலாம் போலிருக்கே"ன்னாங்க, நான் விடல. செவ்வாய்க்கெழம காலைல கதவ தட்டற சத்தம் கேட்டுச்சு, தொறந்தா படியேறி வந்து நிக்கறாங்க, கைல ஒரு டப்பா சுண்டல்.